பையில் கத்தி வைத்துக்கொள்ளலாமா, ஆசானே?

மார்த்தாண்டத்தில் செல்போன் கடை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இரவு பத்து மணிக்குக் கடையடைத்து, அன்றைய வசூலைப் பையில் போட்டுக்கொண்டு, கருங்கல் பக்கம் உள்ள வீட்டுக்கு பைக்கில் போகிறவர். போன வாரம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வளைவில் இருவர் மறித்துக் கத்தியைக் காட்டியிருக்கிறார்கள். எதிரே ஒரு லாரி வந்ததால் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்று முதல் அவருக்குத் தூக்கம் சரியில்லை. பக்கத்து ஊரில் யாரோ இரண்டு நாள் கத்திப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களாம். அதில் சேரலாமா, சேர்ந்தபின் பையில் ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாமா, பிளஸ் டூ படிக்கும் தங்கையையும் சேர்க்கலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

கேள்வியில் இல்லாத ஒன்றை நான் முதலில் கேட்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா? பணம் போகவில்லை, காயம் இல்லை, எதற்கு அலைச்சல் என்று விட்டிருப்பீர்கள். வழிப்பறிக்கு முயன்றாலே குற்றம்தான். இடம், நேரம், வண்டியின் நிறம், அவர்கள் பேசிய விதம், வண்டி எண்ணில் நினைவில் இருக்கும் இரண்டு இலக்கங்கள் என எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். அதே வளைவில் வேறு யாரையாவது மறித்திருந்தால் உங்கள் தாளும் அவர் தாளும் ஒன்று சேரும். அதோடு, பின்னால் சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது இந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் இருப்பது தெரியும்.

இனி உங்கள் கேள்விகள். பயிற்சி எடுங்கள், ஆனால் இரண்டு நாள் வகுப்பை நம்பி எடுக்காதீர்கள். பையில் கத்தி வேண்டவே வேண்டாம். தங்கையைக் கட்டாயம் சேருங்கள்.

பகலில் குழித்துறை நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டு, மாலையில் தென்னந்தோப்பில் கச்சை என்று இரண்டு வேடம் போடுகிறவன் நான். சிறு வயது முதல் நம் தென்பகுதித் தற்காப்புக் கலையான அடிமுறை பழகியவன். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். கத்தி என்றாலே தோப்பில் நிற்பவனுக்குத் தோன்றுவது ஒன்று, கோர்ட்டில் நிற்பவனுக்குத் தோன்றுவது வேறொன்று என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

நம் குமரி மாவட்டத்தில் கத்தி புதிய பொருள் இல்லை. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர் கையில் கத்தி இருக்கிறது. வாழைக் குலை வெட்ட, தேங்காய் பொளிக்க, வேலிக்குக் கம்பு சீவ வீட்டுக்கு வீடு வெட்டுகத்தி உண்டு. குளச்சல் கரையில் மீன் அறுக்கிற அக்காவின் கத்தி நம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஓடும். சான்றுப் பொருள் என்று சீட்டு ஒட்டிக் கோர்ட்டுக்கு வருகிற கத்திகளும் பெரும்பாலும் இவைதான். சண்டைக்கென்றே செய்த கத்தியை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். என் கைக்கு வந்த வழக்குக் கட்டுகளில் குத்தியவனும் குத்துப்பட்டவனும் அநேகமாக ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவர்கள். எல்லைக் கல், வழிப்பாதை, கைமாற்றுக் கடன், குடி, கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல் என்று காரணங்கள். ஆத்திரம் வந்த அந்த நிமிடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் கத்தி இல்லாதிருந்தால் வாய்ச் சண்டையோடு முடிந்திருக்க வேண்டியவை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பையில் வைக்கப்போகும் கத்தி வழிப்பறிக்காரனுக்காக என்றுதான் இன்று நினைக்கிறீர்கள். வழிப்பறிக்காரன் வாழ்நாளில் ஒரு முறை வரலாம், வராமலும் போகலாம். ஆனால் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு எடுக்க மறுக்கிறவன் வாரம் ஒரு முறை வருவான். பழுது பார்த்த போன் சரியில்லை என்று சட்டையைப் பிடிக்கிறவனும் வருவான். அந்த நாளிலும் கத்தி அதே பையில்தான் இருக்கும்.

வழிப்பறிக்காரனே வந்தாலும் அது உதவுமா என்று பார்ப்போம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி போலீசில் பணியாற்றிய டென்னிஸ் ட்யூலர் என்பவர் 1983-ல் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடி தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒன்றரை வினாடி போதும், இடுப்பு உறையில் இருக்கும் துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும் என்பது அதன் சாரம். பயிற்சி பெற்ற போலீஸ்காரர், இடுப்பில் தயாராக இருக்கும் துப்பாக்கி, 21 அடி இடைவெளி. அப்போதே நிலைமை இதுதான். உங்களை மறித்தவர்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார்கள். உங்கள் ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கால் தரையில், தலையில் ஹெல்மெட். கத்தியோ ஜிப் போட்ட பைக்குள் சார்ஜர்களுக்கும் ரசீதுப் புத்தகத்துக்கும் அடியில். அதை எடுக்க முடிகிற அளவு நேரம் இருந்தால் ஓடிப்போகவும் நேரம் இருக்கிறது என்று பொருள்.

வகுப்பில் சேரும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவே இல்லை. பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள், அதை விடக்கூடாது. நண்பர் கையில் மூடி திறந்த சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, பத்து வினாடி எப்படி வேண்டுமானாலும் குத்து, வெட்டு, இன்னொரு கையால் சட்டையைப் பிடித்து இழு என்று சொல்லுங்கள். நீங்கள் தடுங்கள். பிறகு சட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நான் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டும்போது நன்றாகத் தடுத்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றுவார்கள். முன்கையின் உட்புறம் முழுக்கச் சிவப்புக் கோடு. விலாவில் புள்ளிகள் கொத்தாக. கழுத்துப்பட்டைக்குக் கீழே எப்போது பட்டது என்றே தெரியாத ஒரு நீளக் கீறல். நன்றாகப் பழகிய பையனின் சட்டையில் கோடுகள் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். கோடே விழாத சட்டையை நான் பார்த்ததில்லை. தடுப்பவர் கையிலும் ஒரு மார்க்கரைக் கொடுத்தால் இரண்டு சட்டையும் சிவப்பாகும். நீங்கள் கத்தி வைத்துக்கொண்டால் நடக்கப்போவது அந்த இரண்டாவது ஆட்டம்தான்.

விளம்பரப் படங்களில் காட்டுகிற கத்திப் பிடுங்கலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ஓர் அடி எடுத்து வைத்து, கையை நேராக நீட்டிக் குத்துவதுபோல் நீட்டி, அப்படியே நின்றுவிடுகிறார். மற்றவர் நிதானமாக மணிக்கட்டைப் பிடித்து, திருப்பி, கத்தியைப் பறித்து, கீழே தள்ளுகிறார். நிஜத்தில் குத்துகிறவன் ஒரு கையால் உங்களைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் குத்தி, இழுத்து, மறுபடி குத்துவான். கை நீட்டியபடி நிற்கவே நிற்காது. கத்தியைக் கண்ணால் பார்க்காமலே, யாரோ முஷ்டியால் இடித்தான் என்று நினைத்து, சட்டை நனைந்தபின்தான் தெரிந்துகொண்டேன் என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னவர்கள் உண்டு. உயிர்ப்பயம் வந்தால் உடம்பில் நடக்கும் மாற்றம் வேறு. இதயம் அடித்துக்கொள்ளும், விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஒத்துழைக்காது, பார்வை கத்தி முனையில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்தில் கத்துகிறவர் குரல்கூடக் காதில் ஏறாது. ஏழு படிகளில் செய்ய வேண்டிய பிடி அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. உடம்பில் ஊறிப்போன கால் அசைவு மட்டும் வரும்.

நம் அடிமுறையில் சுவடு என்று தொடங்குவதன் அருமை எனக்கு இங்கேதான் விளங்கியது. கால் வைக்கும் முறைதான் சுவடு. நான்கு திசைக்கும் விலகுவது, திரும்புவது, தாழ்வது, எழுவது, எதிராளியின் நேர்கோட்டை விட்டு வெளியேறுவது. சேர்ந்த புதிதில் மாதக்கணக்கில் இதுதான் நடக்கும். கால் ஒரு சாண் தவறினால் ஆசான் பேசமாட்டார், கம்பால் தரையைத் தட்டுவார், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேரளத்தின் வடக்கன் களரியில் மெய்ப்பயிற்சி முடிந்து, கோல்தாரி (கம்பு), அங்கத்தாரி (உலோக ஆயுதம்) என்று ஆயுதங்களைக் கடந்து, கடைசியில் வெறுங்கைக்கு வருவார்கள். நம் தெக்கன் முறையில் வெறுங்கையில்தான் ஆரம்பம். பிறகு கைகால்களைப் பிடித்து முடக்கும் பூட்டும் அதிலிருந்து பிரிவதும், பிறகு குறுவடி, நெடுவடி, அதற்கப்புறம்தான் கத்தி. வடக்கன் தன்னைப் பரசுராமர் வழி என்று சொல்லிக்கொள்ளும், தெக்கன் அகத்தியர் வழி என்று சொல்லும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள் நம்முடையவை என்பதால் இரண்டின் சாயலும் இங்கே உண்டு. எந்த முறை உயர்ந்தது என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. இரண்டிலும் கத்தியைத் தொடக்கத்தில் கொடுக்காமல் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தத் தள்ளி வைப்புக்கு ஒரு காரணம் பிள்ளையின் குணத்தைப் பார்ப்பது. பழைய ஆசான்மார் ஒருவனைச் சந்தையில் எப்படி நடந்துகொள்கிறான், தோற்றால் முகம் எப்படி மாறுகிறது, தன்னைவிடச் சின்னவனோடு கம்பு வீசும்போது கை எவ்வளவு அழுந்துகிறது என்றெல்லாம் கவனித்த பிறகே அடுத்த பாடத்தைத் திறப்பார்கள். உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைப் பற்றிய வர்மத்துக்கு இது இன்னும் கடுமை. வர்மங்கள் 108, அதில் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, மற்றவை தொடுவர்மம் 96 என்பது நம் மரபுக் கணக்கு. அடியைச் சொல்லிக்கொடுப்பவர் அந்த அடியை இளக்கும் முறையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. விழவைக்கத் தெரிந்தவனுக்கு எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு நாள் வகுப்பில் இதற்கெல்லாம் இடம் ஏது? காலையில் வந்தவன் யாரென்று தெரியாமலே மாலைக்குள் அவனுக்குக் குத்தும் இடங்களைக் காட்டி அனுப்புகிறவரை நான் ஆசான் என்று சொல்லமாட்டேன்.

அதற்காகப் புதிய வகுப்புகள் எல்லாம் வீண் என்றும் சொல்லவில்லை. கத்திக்கு எதிரான பழக்கத்தில் பிலிப்பைன்ஸ் முறைகளிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. எங்கள் தோப்பிலும் ரப்பர்க் கத்தி வாங்கி வைத்திருக்கிறோம். ஒரு வகுப்பு தேறுமா என்று அறிய அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் போதும். பேச்சு எதில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். தூரம், வெளியேறும் வழி, குரல் கொடுப்பது, பையை விட்டெறிவது என்று தொடங்கினால் நல்லது. எதிராளியாக நிற்பவர் முரண்டு பிடிக்கிறாரா, பொம்மைபோல் விழுகிறாரா? ஆசான் நிறுத்து என்றதும் எல்லாரும் அந்த நொடியே நிற்கிறார்களா, இன்னும் இரண்டு அடி போட்டுவிட்டு நிற்கிறார்களா? என்னைக் கேட்டால் இந்தக் கடைசிக் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்பெண். கூர் உள்ள கத்தியைப் பயிற்சிக்கு எடுக்கிற இடமாக இருந்தால் கட்டிய பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

என்னிடம் வந்தால் உங்களுக்கு நான் பழக்கப்போவது மிகச் சாதாரணமானது. இரு கைகளையும் நெஞ்சுயரத்தில் திறந்து வைத்து, உள்ளங்கை தெரிய, பணிகிறவன்போல் நிற்பது. அந்த நிலையிலிருந்து தடுக்கவும் தள்ளவும் கை தயாராக இருக்கும். 'எடுத்துக்கொள்' என்று சத்தமாகச் சொல்லி, பையை அவன் கையில் கொடுக்காமல் ஒரு பக்கமாக எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் போவது. வண்டியை இடையில் வைத்துக்கொள்வது. ஹெல்மெட் கழன்றால் அதையே கேடயமாகப் பிடிப்பது. எல்லாம் தப்பி, கத்தி உடம்புக்கு வந்தே தீரும் என்றால், இரு கைகளாலும் கத்திக் கையின் மணிக்கட்டையும் முழங்கையையும் உடலோடு அழுத்தி, அவன் கையை வீச இடம் கொடுக்காமல் நெருக்கி, ஒரு திறப்பு கிடைத்ததும் தள்ளிவிட்டு ஓடுவது. ஓடும்போது வெளிச்சம் உள்ள பக்கம் ஓடுவது. வாரத்துக்கு இரண்டு மாலை வீதம் ஓராண்டு பழகினால் இவை வரும். வசூலை இரவில் எடுத்துப் போகாமல் இருக்க வழி பார்ப்பதும், பக்கத்துக் கடைக்காரரோடு சேர்ந்து புறப்படுவதும் இதையெல்லாம்விடப் பெரிய தற்காப்பு. ஆனால் அதற்கு யாரும் பணம் கட்டிப் படிக்க வரமாட்டார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. தற்காப்பு உரிமை பற்றிப் பழைய சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. எண்கள் மாறினவே தவிர உள்ளடக்கம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தன் உடலையும், பிறர் உடலையும், சொத்தையும் காக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்திச் செய்தது குற்றமே ஆகாது.

உங்கள் ரப்பர்த் தோட்ட வளைவையே எடுத்துக்கொள்வோம். லாரி வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கத்தியை ஓங்குகிறார்கள். சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்ச இடம் இருக்கிறது. 38-ஆம் பிரிவு இங்கே உங்கள் பக்கம். தேவைப்பட்டால் அந்த உரிமை தாக்குபவரின் உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும். அடி விழும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 40-ஆம் பிரிவின்படி அச்சம் நியாயமாகத் தோன்றிய கணத்திலேயே உரிமை பிறக்கிறது, அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது. வழிப்பறிக்கு எதிராகச் சொத்தைக் காப்பதற்கும் 41-ஆம் பிரிவு ஏறத்தாழ அதே அளவு உரிமை தருகிறது.

இப்போது நீங்கள் ஹெல்மெட்டால் அடித்ததில் கத்தி கீழே விழுகிறது. அவன் கை உதறிக்கொண்டு பின்வாங்குகிறான். இந்த வினாடியில் உரிமை சுருங்கத் தொடங்கிவிட்டது. தற்காப்புக்கு எவ்வளவு தேவையோ அதற்கு மேல் தீங்கு செய்யும் உரிமை எந்நிலையிலும் இல்லை என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. அவன் மறுபடி கத்தியை எடுக்கக் குனிகிறானா, கூட வந்தவன் இன்னும் நிற்கிறானா என்பதெல்லாம் கணக்கில் வரும். நீதிமன்றங்கள் இதைத் தங்கத் தராசில் நிறுக்க மாட்டார்கள், உயிர்ப்பயத்தில் இருந்தவனிடம் அளந்து அடித்தாயா என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அவன் திரும்பி ஓடும்போது நீங்கள் கீழே கிடந்த கத்தியை எடுத்து முதுகில் குத்தினால், அதற்குத் தற்காப்பு என்று பெயர் வைக்க எந்த வழக்கறிஞராலும் முடியாது. காயம் முதுகில் இருக்கிறது என்பதை மருத்துவர் எழுதிவிடுவார்.

அடுத்த நாள் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அந்த இருவரைத் தேடிப் போனால் நிலைமை இன்னும் மோசம். அரசு அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருக்கும்போது தற்காப்பு உரிமை இல்லை என்பதும் அதே 37-ஆம் பிரிவுதான். கழுத்தில் கத்தி இருக்கும்போது 112-ஐ அழைத்தாயா என்று சட்டம் கேட்காது. போன வாரம் நடந்ததற்கு இன்று வரை ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்கும். முதலில் சொன்ன அந்தத் தாளின் இன்னொரு பயன் இதுதான்.

உண்மையான ஆபத்தில் இருந்தவர் நல்லெண்ணத்தோடு, பழிவாங்கும் எண்ணம் இன்றி, எல்லை மீறிவிட்டால் சட்டம் அதையும் தனியாகப் பார்க்கிறது. 101-ஆம் பிரிவின் விதிவிலக்குப்படி அது கொலை ஆகாது, கொலையாகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். குறையும் என்றால் விடுதலை என்று பொருள் இல்லை. சிறை இருக்கிறது.

கோழையாக நில் என்று சட்டம் சொல்கிறதா என்று பிள்ளைகள் கோபமாகக் கேட்பார்கள். சொல்லவில்லை. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாகப் பேசியது. தந்தை தலையில் வெட்டுப்பட்ட நிலையில் மகன் துப்பாக்கியால் சுட்டார். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் மறுபடி விடுவித்தது. தாக்கப்படும் குடிமகன் கோழைபோல் நடந்துகொள்ள வேண்டியதில்லை என்றும், இந்த உரிமை தற்காக்கத்தானே தவிரப் பழிவாங்க அல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் ஒருவர் மூன்று நீதிமன்றப் படிகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது என்பதையும் அந்த வழக்கில் நான் பார்க்கிறேன். தற்காப்புக்காகத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பு சொல்கிறவர் மேல்தான். ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம், நடந்திருக்கக்கூடும் என்று நம்பும்படி காட்டினால் போதும். அப்படிக் காட்ட முயலும்போது, நீங்கள் பையில் கொண்டுபோன கத்தி எதிர்த்தரப்பின் முதல் கேள்வி ஆகும். செல்போன் கடைக்குக் கத்தி எதற்கு, எந்தக் கடையில் வாங்கினீர்கள், எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள், கத்தி வகுப்புக்குப் போனீர்களாமே? குத்திய வழக்கில் ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் என்று 118-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சேர்ந்தால் குறைந்தது ஓராண்டு, கூடினால் பத்தாண்டு அல்லது ஆயுள்.

எத்தனை அங்குலம்வரை வைத்திருக்கலாம் என்றும் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றோடு ஆயுதமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் தோட்டத்துக்குப் போகிறவர் வெட்டுகத்தி கொண்டுபோவதில் தவறில்லை. எட்டரை அங்குலக் கத்தி வாங்கினால் பிரச்சினை இல்லை என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள். குத்திய பிறகு யாரும் ஸ்கேல் வைத்து அளக்க மாட்டார்கள், எந்த எண்ணத்தோடு கொண்டுபோனீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

சம்பவம் நடந்துவிட்டால் செய்ய வேண்டியதைத் தற்காப்பு வகுப்புகளில் அநேகமாகச் சொல்வதில்லை. ஆனால் உயிர் அங்கேதான் போகிறது. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. பெரிய தமனி அறுபட்டால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறும். குத்திய கத்தி உடலில் நின்றால் பிடுங்கக் கூடாது, அதுவே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். அது அசையாமல் சுற்றிலும் துணி வைத்துப் பிடியுங்கள். கத்தி இல்லாத காயம் என்றால் சுத்தமான துணியை மடித்து, காயத்தின் மேல் நேராக, உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்துங்கள். நின்றதா என்று அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. கை காலில் அழுத்தியும் நிற்காத ரத்தம் என்றால் காயத்துக்கு மேலே, மூட்டைத் தவிர்த்து, அகலத் துணியால் கட்டி, ஒரு கம்பைச் செருகி முறுக்கி இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகில் உள்ள எதுவோ. நானே வர்ம மரபில் வந்தவன்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்: கத்திக்குத்துக்கு ஆசான் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். காயம்பட்டது எதிராளியாக இருந்தாலும், அவன் இனி ஆபத்து இல்லை என்று தெரிந்தபின் இதே உதவியைச் செய்யுங்கள். அடியோடு சேர்த்து இளக்குமுறையைக் கற்பிப்பது இதற்காகத்தான். கோர்ட்டில் அது உங்கள் எண்ணத்துக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

உங்களுக்குச் சிறு கீறல்தான் என்றாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏ.ஆர். நகல் என்று கோர்ட் வட்டாரத்தில் சொல்லும் அந்தத் தாளில் எத்தனை பேர், என்ன ஆயுதம், எத்தனை மணிக்கு என்று நீங்கள் முதலில் சொன்னது பதிவாகும். எதிர்த்தரப்பும் உங்கள் மேல் புகார் கொடுக்கத்தான் செய்யும். இரண்டு புகாரும் சந்திக்கும் இடத்தில் முன்கையில் இருக்கும் தற்காப்புக் காயங்கள் உங்களுக்காகப் பேசும், அவை ஆறுவதற்குள் பதிவாகியிருக்க வேண்டும். ரத்தம் படிந்த சட்டையைத் துவைக்காதீர்கள். ஊர்ப் பெரியவர் பேசி முடிக்கலாம் என்று வந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கிடைக்கும்.

தங்கையைப் பற்றி. அவளை நீங்கள் சேரும் இடத்திலேயே சேருங்கள். பெண் பிள்ளைகளுக்கு என்று தனியாக எளிதாக்கிய பாடம் நடத்துகிற இடம் வேண்டாம், பெண் ஆசானோ மூத்த மாணவியோ இருக்கிற இடமாகப் பாருங்கள். பாலியல் வல்லுறவு, கடத்தல், ஆசிட் வீச்சு ஆகியவற்றுக்கு எதிராக 38-ஆம் பிரிவு அவளுக்கு முழு உரிமை தருகிறது என்பதை வீட்டில் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அவளுக்கு இது தெரிந்திருப்பது உங்களுக்குத் தெரிந்திருப்பதைவிட முக்கியம். பையில் ஏதாவது வேண்டும் என்றால் மிளகு ஸ்பிரே வாங்கிக் கொடுங்கள், அதற்கு உரிமம் வேண்டாம். உங்களுக்கும் ஒன்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடிக்க வேண்டும், காற்று ஓயாத ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது அதை நம்பவே வேண்டாம். வாங்கியதும் வெட்டவெளியில் ஒரு முறை அடித்துப் பழகி, காலாவதித் தேதியைப் பார்த்து மாற்றுங்கள்.

முதல் சில மாதங்கள் சுவடு மட்டும்தான் இருக்கும். கத்தி எப்போது, கத்தி எப்போது என்று கேட்பது அநேகமாக நீங்களாகத்தான் இருக்கும், தங்கை கேட்கமாட்டாள். தேர்வு நேரத்தில் மட்டும் அவளுக்கு விடுப்புக் கொடுக்கச் சொல்லி ஆசானிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.